உஷார்! மேடு ஏறும்போது வரும் ‘கிணுகிணு’ லோடு சத்தம் இல்லை

லோடு ஏற்றிய பிக்கப் மேடு ஏறுகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் இஞ்சின் பக்கமிருந்து ‘கிணுகிணு’ என்று ஒரு சத்தம், உண்டியலைக் குலுக்கினால் உள்ளே சில்லறை உரசுமே, அதுபோல. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. கியரைக் குறைத்தாலும் நின்றுவிடுகிறது. உங்கள் வண்டியில் இப்படி இருந்தால் உஷார்! அந்தச் சத்தம் வரும் ஒவ்வொரு முறையும் பிஸ்டனின் தலையில் அடி விழுகிறது. அடி வெளியே தெரியாது. தெரியவரும் நாளில் வண்டி நடுவழியில் நிற்கும், இஞ்சினை இறக்க வேண்டியிருக்கும்.

பட்டறைகளில் இதற்குப் பெயர் ‘நாக்கிங்’. “இஞ்சின் நாக் அடிக்குது” என்பார்கள். ஆனால் பட்டறைக்கு வருவதற்கு முன்பே பல வண்டிகளில் இந்தப் பேச்சு முடிந்துபோகிறது. “லோடு சாஸ்திங்கண்ணா, அதான் சத்தம்” என்று டிரைவர் சொல்கிறார். “சரி, பாத்து ஓட்டு” என்று ஓனர் சொல்கிறார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நல்ல இஞ்சின்கள் வீணாகின்றன.

ஏன் இப்போதே கவனிக்க வேண்டும்?

பங்குனி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் சமவெளி கொதிக்கத் தொடங்கிவிடும். சித்திரையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் இங்கே புதிதல்ல. சேலத்து மாம்பழம் சந்தைக்குப் போகும் காலமும் அதுதான். கொல்லிமலையிலிருந்து பலாவும் அன்னாசியும் இறங்க வேண்டும். நாமக்கல் முட்டைக்கும் ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து மரவள்ளிக்கும் வெயில் என்று விடுமுறை கிடையாது. இஞ்சினுக்குள் போகும் காற்று எவ்வளவு சூடோ, நாக்கிங்குக்கு அவ்வளவு வசதி. வருடத்தின் கடுமையான வெயிலும், கனமான லோடும், செங்குத்தான மேடும் ஒரே பயணத்தில் சேர்வது இந்த வெயில் மாதங்களில்தான். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டுக்கு 20. சேலத்திலிருந்து தர்மபுரி போனால் தொப்பூர் ஏற்றம். குளிர்காலத்தில் எப்போதாவது கேட்ட சத்தம் இந்த மேடுகளில் நிரந்தரமாகிவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது முக்கியமானது. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அது இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி. அதன்பின் வந்த ‘சின்ன யானை’ வகை வண்டிகளும் பிக்கப்புகளும் பெரும்பாலும் டீசல்தான். நம் பகுதி டிரைவர்களின் காதும் காலும் டீசலில் பழகியவை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, சிறிய சரக்கு வண்டிகளில் பெட்ரோல், சிஎன்ஜி மாடல்கள் பெருகிவிட்டன. வண்டி மாறியது, பழக்கம் மாறவில்லை. டீசலில் உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில், “இழுக்கட்டும்” என்று மேடு ஏற்றிய அதே கை, பெட்ரோல் வண்டியையும் நாலாவது கியரிலேயே திணற வைக்கிறது. டீசல் இஞ்சின் இயல்பாகவே சடசடக்கும் என்பதால், பெட்ரோல் இஞ்சினில் வரும் சத்தத்தையும் காது தள்ளிவிடுகிறது. பெட்ரோல் இஞ்சினில் அந்தச் சத்தம் ஒருபோதும் இயல்பு இல்லை. இதை முதலில் மனதில் பதியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

பெட்ரோல் இஞ்சினில் பிளக் பொறி அடித்ததும் தீ ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சீராகப் பரவி, பிஸ்டனைத் தள்ள வேண்டும். தீ வந்து சேர்வதற்கு முன்பே, மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாக வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். அந்த வெடிப்பில் எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி, வினாடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் முறை அதிர்கிறது. நாம் கேட்கும் மெல்லிய உலோகச் சத்தம் இதுதான்.

சத்தத்தைவிட மோசமானது சூடு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சுத்தமான அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். எரியும் வாயுவின் சூடு அதைவிடப் பல மடங்கு. சாதாரண நேரத்தில் பிஸ்டனையும் சுவரையும் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம் அந்தச் சூட்டைத் தடுத்துக் காக்கிறது. நாக்கிங் அலை அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. பிஸ்டன் விளிம்பு அரிக்கிறது, ரிங் பள்ளம் உடைகிறது, ஹெட் கேஸ்கட் போகிறது, கடைசியில் பிஸ்டனிலேயே ஓட்டை விழுகிறது. லேசான நாக்கிங் ஒரு நாளில் கொல்லாது. முழு லோடில், மலை ஏற்றத்தில், கடுமையான நாக்கிங் என்றால் ஒரே பயணத்தில்கூட வேலையை முடித்துவிடும்.

முதலில், இது நாக்கிங்தானா?

இஞ்சினில் வரும் எல்லாச் சத்தமும் நாக்கிங் அல்ல. தவறாகக் கணித்தால் தேவையில்லாமல் பணம் போகும். ஆள் நடமாட்டமில்லாத சிறு மேட்டில், பின்னால் வண்டி வராத நேரத்தில், இப்படிப் பாருங்கள்.

நாலாவது கியரில் பாதி ஆக்சிலேட்டர் கொடுத்து ஏறும்போது சத்தம் வந்து, மூன்றாவதுக்கு இறக்கியதும் நின்றால், பெரும்பாலும் நாக்கிங்தான்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ரேஸ் கொடுத்தாலும் அதே சத்தம் வந்தால், அது நாக்கிங்காக இருக்க வாய்ப்பு குறைவு. ஐடிலிலேயே சீராக ‘டிக் டிக்’ என்று வந்து, வேகத்துக்கேற்பக் கூடினால் டேப்பட்டைப் பாருங்கள். மேனிஃபோல்டு கேஸ்கட் கசிந்தாலும், சைலன்சர் மேலிருக்கும் தகடு தளர்ந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கும்.

சத்தம் மெல்லிய உலோக ஒலியாக இல்லாமல், அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வந்தால், அது பேரிங் அடிக்கும் சத்தமாக இருக்கலாம். ஆயில் விளக்கும் எரிந்தால் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

சிஎன்ஜி, பெட்ரோல் இரண்டிலும் ஓடும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல சோதனை கையிலேயே இருக்கிறது. சிஎன்ஜியின் நாக்கிங் தாங்கும் திறன் பெட்ரோலைவிட மிக அதிகம். அதே மேடு, அதே லோடு. பெட்ரோலில் சத்தம் வந்து, சிஎன்ஜிக்கு மாற்றியதும் நின்றால் நாக்கிங் உறுதி. இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் வேறு பழுதைத் தேடுங்கள்.

சத்தத்தை செல்போனில் பதிவு செய்து மெக்கானிக்கிடம் கொடுப்பது மிகவும் உதவும். ஆனால் டிரைவர் பதிவு செய்யக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யட்டும். எந்த கியர், எவ்வளவு லோடு, டெம்பரேச்சர் முள் எங்கே, கடைசியாக எந்த பங்கில் பெட்ரோல் போட்டது என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பாதி பழுது அந்தச் சீட்டிலேயே பிடிபடும்.

மலிவான வேலையிலிருந்து தொடங்குங்கள்

நாக்கிங் என்று தெரிந்ததும் “இஞ்சினை இறக்கிப் பாத்துரலாங்க” என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். இறக்குவது கடைசி வேலை. கீழே உள்ள வரிசையில் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு அதே மேட்டில், அதே லோடில் ஓட்டிப் பாருங்கள். நாலு பாகத்தை ஒன்றாக மாற்றினால், எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

முதலில் சூடு. நம் பகுதியில் பெரிய குற்றவாளி இதுவே. சேலம், நாமக்கல் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அதைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை வீட்டிலேயே பார்க்கிறோம். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அதன் மெல்லிய குழாய்களுக்குள்ளும் இஞ்சின் பிளாக்கின் நீர்ப்பாதையிலும் அதே உப்பு படியும். படிந்தால் சூடு வெளியேறாது, நாக்கிங் தொடங்கும். கூலன்ட் அளவு, அதன் நிறம், ஃபேன் ஓடுகிறதா, வாட்டர் பம்ப் கசிகிறதா, ரேடியேட்டரின் முன்புறம் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இஞ்சின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது பெட்ரோல். நாக்கிங்கைத் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் என்கிறோம். இதை உயர்த்த 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மத்தைக் கண்டறிந்தார். இஞ்சின் அடங்கியது, ஆனால் ஈயம் மனிதர்களின் ரத்தத்தில் ஏறியது. இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். இன்று அந்த வேலையில் எத்தனாலுக்குப் பெரும் பங்கு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஆக்டேன் 95 என்பது தரவரையறை. முன்பு சாதாரணப் பெட்ரோலுக்கு அது 91.

எனவே “இ20 போட்டேன், அதனால் நாக் அடிக்கிறது” என்று நேரடியாக முடிவுகட்ட வேண்டாம். நல்ல இ20 நாக்கிங்கைக் குறைக்கத்தான் செய்யும். ஆபத்து வேறு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்தில் டேங்க் மூடி வழியாகவோ வேறெப்படியோ தண்ணீர் இறங்கினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிவிடும். இரண்டு, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதற்காக அமைக்கப்படாத பழைய வண்டிகளில் கலவை ‘லீன்’ ஆகலாம். அதாவது காற்று கூடி, பெட்ரோல் குறைந்துவிடும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் உங்கள் மாடல் இ20க்குப் பொருந்துமா என்று ஓனர் கையேட்டிலும் சர்வீஸ் சென்டரிலும் உறுதி செய்யுங்கள்.

கலப்படம் இன்னும் மோசம். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரியும். மலைப்பாதையில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை நம்பி டேங்கில் ஊற்றாதீர்கள். பங்கில் ஃபில்டர் பேப்பர் கேட்பது உங்கள் உரிமை. ஒரு சொட்டுப் பெட்ரோல் சில நிமிடங்களில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தியும் அளந்து காட்டச் சொல்லலாம். 15 டிகிரிக்குக் கணக்கிட்ட அடர்த்தி, பங்கின் பதிவேட்டில் உள்ளதிலிருந்து 3 புள்ளிகளுக்கு மேல் விலகினால் சந்தேகத்துக்குரியது. ஆனால் அடர்த்தி சரியாக இருப்பதாலேயே ஆக்டேன் சரி என்று ஆகாது. ஆக்டேனை ஆய்வகத்தில், அதற்கென உள்ள ஒற்றை சிலிண்டர் சோதனை இஞ்சினில்தான் அளக்க முடியும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் வலுத்தால் பங்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள், மாவட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

சோதனைக்காக, டேங்க் காலியாகும் நிலையில் வேறு நம்பகமான பங்கில் நிரப்பிப் பாருங்கள். சில பங்குகளில் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. அதைப் போட்டதும் சத்தம் நின்றால் நோய் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும். ஆனால் அது மருந்து அல்ல. விலை உயர்ந்த பெட்ரோலைத் தொடர்ந்து ஊற்றி, உள்ளே இருக்கும் கார்பனையோ சூட்டையோ மறைக்காதீர்கள்.

மூன்றாவது, காற்றும் பெட்ரோல் வரும் வழியும். வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்தாலோ, இன்டேக் கேஸ்கட் கசிந்தாலோ கணக்கில் வராத காற்று உள்ளே போகும். பெட்ரோல் ஃபில்டர் அடைத்தாலோ, பம்ப் பலவீனமானாலோ, இன்ஜெக்டரில் அழுக்கு சேர்ந்தாலோ பெட்ரோல் குறையும். இரண்டும் கலவையை லீன் ஆக்கும்.

நான்காவது பிளக். கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று, கொப்புளம் கண்டிருந்தால் சூடு அதிகம். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போன்ற புள்ளிகளோ பளபளக்கும் துகள்களோ இருந்தால் உஷார்! அது பிஸ்டனின் அலுமினியமாக இருக்கலாம். அதற்குமேல் வண்டியை ஓட்டக் கூடாது. கடையில் “இதுவும் பொருந்தும்” என்று கொடுக்கும் பிளக்கைப் போடாதீர்கள். மரை பொருந்தினாலும் வெப்பத் தரம் மாறினால், நுனி கங்குபோல் சிவந்து, பொறி அடிப்பதற்கு முன்பே கலவையைப் பற்ற வைத்துவிடும்.

ஐந்தாவது ஸ்கேனர். பிஎஸ்-6 வண்டி என்றால் ஸ்கேனர் போடாமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பி0325, பி0327 என்று குறியீடு வந்தால் நாக் சென்சாரின் வழியில் கோளாறு. பி0171 என்றால் கலவை லீன். குறியீட்டை அழிப்பதற்கு முன் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாக் சென்சார் உள்ள மாடலில் அது இஞ்சின் பிளாக்கின் அதிர்வை உணர்ந்து, பொறி அடிக்கும் நேரத்தைப் பின்தள்ளச் சொல்லும். அதை முறுக்கும் போல்ட்டுக்குக் கம்பெனி சொன்ன இறுக்கம் உண்டு. கைக்கு வந்தபடி முறுக்கினால் சென்சார் செவிடாகிவிடும்.

ஆறாவது கார்பன். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிகளிலும், ஆயில் குடிக்கும் வண்டிகளிலும் பிஸ்டன் தலையில் கரி படிந்து, அழுத்தத்தை ஏற்றிவிடும். பிளக் துளை வழியாகச் சிறு கேமரா விட்டு இதைப் பார்க்கலாம். கம்ப்ரெஷன் டெஸ்டும் எடுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் விடை கிடைக்காவிட்டால் மட்டும் ஹெட்டைக் கழற்றும் பேச்சு வரட்டும். வாரன்டி இருக்கும் வண்டியை வெளியில் திறக்கவே விடாதீர்கள்.

டீசல் பிக்கப்பா? உயிருக்கே உஷார்!

டீசல் இஞ்சின் காலையில் குளிர்ந்த நிலையில் கொஞ்சம் சடசடப்பது இயல்பு. ஆனால் திடீரென்று சத்தம் கூடி, கூர்மையாகி, கரும்புகையோ வெள்ளைப்புகையோ சேர்ந்தால் இன்ஜெக்டர், டீசலின் தரம், டீசல் லைனில் காற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியையே திருப்பாதீர்கள். டேங்கைக் காலி செய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு பழைய பழக்கம் ஆளையே கொல்லக்கூடியது. அந்தக் கால லாரிகளில் எந்த சிலிண்டரில் சத்தம் என்று கண்டுபிடிக்க, இஞ்சின் ஓடும்போதே டீசல் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். இன்றைய காமன் ரெயில் வண்டிகளில் அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் சிறு ஊசிக் குத்துதான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்று வீட்டில் இருக்காமல், “அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது” என்று சொல்லி உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இவற்றைச் செய்யவே செய்யாதீர்கள்

பெட்ரோலில் அந்துருண்டை போடுவது, பெயர் தெரியாத ‘ஆக்டேன் பூஸ்டர்’ பாட்டில் ஊற்றுவது: சிலவற்றில் உள்ள இரும்புச் சேர்மம் பிளக்கில் செந்நிறமாகப் படிந்து அதைக் கெடுக்கும், சைலன்சரில் உள்ள கேட்டலிஸ்ட்டையும் அடைக்கும்.

பழைய வண்டியில் சத்தத்தை அடக்க டைமிங்கை அளவுக்கு மீறிப் பின்தள்ளுவது: சத்தம் போகும், சூடு முழுக்கச் சைலன்சர் பக்கம் போகும், மைலேஜும் இழுவையும் போகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது: சூடு பிரச்சினையின் மூலத்தை மறைத்து, குளிர்ந்த இஞ்சினைத் தேய வைக்கும்.

வீட்டு எரிவாயு சிலிண்டரை வண்டியில் இணைப்பது: சட்டப்படி குற்றம், ஓடும் வெடிகுண்டு.

மலை இறங்கும்போது இஞ்சினுக்கு ஓய்வு என்று சாவியை அணைத்து நியூட்ரலில் விடுவது: பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. கொல்லிமலை வளைவுகளில் இதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

நடுவழியில் சத்தம் வந்தால்

உடனே கியரைக் குறையுங்கள், ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள், ஏசி இருந்தால் அணையுங்கள். சத்தம் நின்றால் மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்து, அடுத்த லோடுக்கு முன் பட்டறைக்குப் போங்கள். நிற்கவில்லை என்றாலோ, டெம்பரேச்சர் முள் ஏறினாலோ, இஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, வெள்ளைப்புகை வந்தாலோ, கூலன்ட் டப்பாவில் குமிழி கொதித்தாலோ பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள். கொதிக்கும் இஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், பிளாக் விரிசல் விடும். லோடை வேறு வண்டிக்கு மாற்ற ஆகும் செலவு, இஞ்சின் வேலைக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சத்தத்தை முதலில் கேட்பவர் நீங்கள் அல்ல, உங்கள் டிரைவர். வண்டியில் சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் எச்சரிக்கை அவர் காதில்தான் விழுகிறது. “சத்தம் வருதுங்க” என்று சொன்னவரை “நீ ஓட்டுற லட்சணம் அப்படி” என்று திட்டினாலோ, பழுதுச் செலவை அவர் பேட்டாவில் பிடித்தாலோ, அடுத்த முறை அவர் வாயே திறக்கமாட்டார். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு ஓட்டுவார். அந்த மௌனத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஒரு முழு இஞ்சின். சத்தம் வந்தால் அன்றே சொல்லச் சொல்லுங்கள். சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். அளவோடு லோடு ஏற்றி, அவசரப்படுத்தாமல் அனுப்புங்கள். மாங்காய் லோடு தொடங்குவதற்கு முன் இந்த வாரமே கூலன்ட்டும் பிளக்கும் பாருங்கள். இஞ்சினும் பிழைக்கும், அதை நம்பி மலை ஏறுகிறவரும் பத்திரமாகத் திரும்புவார்.